ஈட்டிக்காரனைக் கத்திக்காரன் முந்தியது எப்படி? வெப்பன் ஸ்பீட் விதி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மேஜையில் உட்கார்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டு ஒன்றில் நடந்தது இது. 5 அடி அகலமுள்ள சுரங்கப் பாதை. அதன் வாயை அடைத்துக்கொண்டு எங்கள் குழுவின் ஃபைட்டர், அதாவது போர்வீரன், நிற்கிறான். இரண்டு கையாலும் ஈட்டியைப் பிடித்து முனையை முன்னால் நீட்டியிருக்கிறான். 20 அடி தள்ளி, தீப்பந்த வெளிச்சத்தில் ஒரு கொள்ளைக்காரன். அவன் கையில் ஒரு கத்தி மட்டும். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துவிட்டார்கள், எனவே திடீர்த் தாக்குதலுக்கு இடமில்லை. கொள்ளைக்காரன் ஓடி வந்து குத்தப்போகிறான் என்று கதையை நடத்தி எதிரிகளை ஆடும் டன்ஜன் மாஸ்டரான நான் முடிவு செய்தேன். ஈட்டிக்காரனை ஆடிய நண்பர், "வரட்டும், வந்தா குத்துறேன்" என்றார்.

நாங்கள் ஆடியது 1989-இல் வெளிவந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பு. ஒவ்வொரு ரவுண்டிலும் யார் முந்துவது என்பதை இனிஷியேட்டிவ் உருட்டித் தீர்மானிக்க வேண்டும். பத்துமுகப் பகடையில் சிறிய எண் வந்தவருக்கு முதல் வாய்ப்பு. அதோடு ஆயுதத்தின் வேக எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு விருப்ப விதி இருக்கிறது. அதுதான் வெப்பன் ஸ்பீட். கத்திக்கு 2, நீள்வாளுக்கு 5, ஈட்டிக்கு 6, இருகை வாளுக்கு 10. நாங்கள் அந்த விதியை விரும்பிச் சேர்த்துக்கொண்டவர்கள்.

நண்பர் உருட்டியது 4. ஈட்டியின் 6 சேர்ந்து 10. நான் உருட்டியது 5. கத்தியின் 2 சேர்ந்து 7. பகடையில் அவர்தான் முந்தினார், ஆனாலும் கூட்டிப் பார்த்தால் கொள்ளைக்காரனுக்குத்தான் முதல் வாய்ப்பு. அவன் 20 அடியைக் கடந்து வந்து விலாவில் குத்திவிட்டான்.

நண்பர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "என் ஈட்டி ஆறடி. அவன் கத்தி ஒரு முழம்கூட இல்ல. என் முனையைத் தாண்டித்தானே அவன் உள்ள வரணும்? அவன் வர்ற வரைக்கும் நான் என்னப்பா பண்ணிட்டிருந்தேன்?"

"ரூல் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் இந்த ஒரு குத்தைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். அப்போது கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது துரதிர்ஷ்டமா என்று பார்த்தேன். இரண்டு பத்துமுகப் பகடைகள் விழ 100 வழிகள். கத்திக்கும் ஈட்டிக்கும் வித்தியாசம் 4. அந்த 100-இல் ஈட்டிக்காரன் முந்துவது 15-இல் மட்டும். 6-இல் இருவரும் ஒரே நேரம். மிச்சமுள்ள 79-இலும் கத்திக்காரன்தான். அவன் தலைதெறிக்கப் பாய்ந்து வந்தான் என்று வைத்துக்கொண்டால் பாய்ச்சல் விதிப்படி எதிராளிக்கு 2 புள்ளி சலுகை உண்டு. அப்போதுகூட ஈட்டிக்காரனுக்கு 28 தான் கிடைக்கிறது. ஆக, அன்றைக்குப் பகடை எந்த அநியாயமும் செய்யவில்லை. நீட்டிய ஈட்டிக்கு எதிரே ஓடி வருகிற கத்திக்காரனுக்கு ஐந்தில் நான்கு முறை முதல் குத்து என்று விதியே சொல்கிறது.

இவ்வளவு வெளிப்படையான கோணல் எப்படி உள்ளே வந்தது? பழைய விதிகளை வரிசையாக எடுத்து, அதே சுரங்கச் சண்டையை ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்தேன்.

1971-இல் தொடங்க வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, பின்னாளில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டார்கள். படைகள் மோதுவதற்கான விதிகள்தான் அதில் பெரும்பகுதி. ஓர் ஆள் இன்னோர் ஆளோடு மோதும் பகுதி ஒன்றும் இருக்கிறது. அதில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு வகுப்பு எண் உண்டு. கத்திக்கு 1, வாளுக்கு 4, ஈட்டிக்கு 8, நெடு ஈட்டிக்கு 12. எண் ஏற ஏற ஆயுதம் நீளமானது, கையாளக் கனமானது.

அந்த ஒற்றை எண்ணை அவர்கள் பயன்படுத்திய விதம் எனக்கு இன்றும் வியப்பு. முதல் அடி தாக்க வருபவனுக்கு. ஆனால் தற்காத்து நிற்பவனின் ஆயுதம் இரண்டு வகுப்பாவது மேலே இருந்தால் முதல் அடி அவனுடையது. இரண்டாவது சுற்றிலிருந்து தராசு மறுபக்கம் சாய்கிறது. முன்பு முதலில் அடித்தவனே மறுபடியும் முதலில் அடிப்பான், எதிராளியின் ஆயுதம் இரண்டு வகுப்பு கீழே இருந்தால் மட்டும் அந்த உரிமை எதிராளிக்குப் போய்விடும். போதாததற்கு, நான்கு வகுப்பு கீழே இருந்தால் ஒரு சுற்றில் இரண்டு அடி, எட்டு வகுப்பு கீழே இருந்தால் மூன்று அடி.

எங்கள் சுரங்கத்துக்கு இதைக் கொண்டுவாருங்கள். ஈட்டி 8, கத்தி 1. ஓடி வருகிறவனுக்கு முன்னால் ஈட்டி முந்திக்கொள்கிறது. அந்த முதல் குத்துக்குத் தப்பி உள்ளே வந்துவிட்டால் அப்புறம் கத்தியின் ராஜ்ஜியம். அவன்தான் முதலில் குத்துவான், அதுவும் இரண்டு முறை. ஈட்டிக்காரன் பயந்துகொண்டே முனையை நீட்டுகிறான், கத்திக்காரன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். ஒரே ஓர் எண்ணை இரண்டு திசையில் படித்ததிலேயே இத்தனையும் கிடைத்துவிட்டது.

நடுவில் 1977-இல் வந்த தொடக்கநிலைப் பதிப்பை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அதில் கத்திக்கு ரவுண்டுக்கு இரண்டு அடி, இருகை வாளுக்கு இரண்டு ரவுண்டுக்கு ஓர் அடி, ஆனால் எல்லா ஆயுதத்துக்கும் சேதம் ஒரே ஆறுமுகப் பகடை. கத்தியைத் தவிர வேறெதையும் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

இனி 1978, 79. அட்வான்ஸ்டு பதிப்பின் முதல் புத்தகங்கள். செயின்மெயிலின் ஒற்றை எண் இங்கே இரண்டாகப் பிரிந்தது. ஆயுதத்தின் நீளம் தனியாக, வேகம் தனியாக. கத்தியின் நீளம் சுமார் 15 அங்குலம், வேகம் 2. ஈட்டியின் நீளம் 5 அடி முதல் 13 அடிக்கு மேல் வரை, வேகம் 6 முதல் 8 வரை. ரவுண்டு என்பது ஒரு நிமிடம். அதற்குள் 6 விநாடி கொண்ட 10 செக்மெண்ட்.

இந்தப் பதிப்பின் இனிஷியேட்டிவ் பக்கங்கள் குழப்பத்துக்குப் பேர்போனவை. அவற்றை ஒழுங்குபடுத்தவே ரசிகர்கள் பக்கம் பக்கமாக விளக்கக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கைகாக்ஸே பின்னாளில், தன் மேஜையில் வெப்பன் ஸ்பீடைப் பயன்படுத்தியதில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கங்களைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தால் நம் வழக்குக்குத் தேவையான இரண்டு இடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, வேக எண் என்றால் என்ன என்ற விளக்கம். ஆயுதத்தை எதிராளிக்கு நேராகத் தயார் செய்வதற்கும், ஓர் அடி அடித்தபின் மறுபடி நிலைக்குக் கொண்டுவருவதற்கும் ஆகும் நேரம்தான் அது. நெடு ஈட்டிக்கு 13 கொடுத்ததற்குக் காரணம், ஒவ்வொரு குத்துக்கும் பிறகு அந்த நீளத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டியிருப்பது. இரண்டாவது இடம் இன்னும் முக்கியம். எதிராளியை நெருங்கும்போதும் பாய்ந்து மோதும்போதும் வேக எண் கணக்கில் வராது, முதல் சுற்று முடிந்த பிறகே வரும் என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. பாய்ந்து வருபவனோடு மோதும் தருணத்தில் இனிஷியேட்டிவே பார்ப்பதில்லை, நீளமான ஆயுதம் முதலில் அடிக்கும்.

அதாவது 1971-இன் அந்த இரட்டைத் திசை, இந்தக் குழப்பமான பக்கங்களுக்குள்ளும் உயிரோடுதான் இருந்தது. ஈட்டி முதலில் குத்தும். அதன்பின் பக்கத்தில் நின்று சண்டை போடும்போது, இரு தரப்பின் ஆறுமுகப் பகடையும் ஒரே எண்ணாக விழுந்தால் வேக எண்ணைப் பார்க்க வேண்டும். ஆறில் ஒரு முறை நடக்கக்கூடியது. அப்போது கத்திக்காரனுக்கு ஈட்டிக்கு முன்பாகவே இரண்டு குத்து கிடைக்கும்.

1989-இல் என்ன நடந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும். இரண்டாம் பதிப்பு விதிகளைச் சுத்தம் செய்தது. அது அவசியமான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். பகடையோடு வேக எண்ணைக் கூட்டு, சிறியது முதலில். ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அந்தச் சுத்தத்தில் ஆயுதங்களின் நீளம் பட்டியலிலிருந்தே போய்விட்டது. நெருங்கும்போது வேக எண் பொருந்தாது என்ற வரியும் போய்விட்டது. அடித்த அடியிலிருந்து மீள ஆகும் நேரத்தைக் குறித்த எண், இப்போது இன்னும் அடிக்காத முதல் அடிக்கும் தண்டனையாகச் சேர்ந்துகொண்டது. என் நண்பரின் ஈட்டி ஏற்கெனவே நீட்டித் தயாராக இருந்தது. அவர் எந்தக் குத்திலிருந்தும் மீள வேண்டியிருக்கவில்லை. அந்த 6-ஐ அவர் தலையில் ஏற்றியதற்குச் சண்டையில் எந்தக் காரணமும் கிடையாது.

விதிப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பேசினால் போதாது என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பரை வீட்டுக்கு வரச்சொன்னேன். அவர் கையில் ஒட்டடைக் கம்பு, நுனியில் பழைய துணி சுற்றியது. என் கையில் 30 செண்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல். இடம் வீட்டு ஹாலை ஒட்டிய நடை. நான் ஒரு கோடியிலிருந்து வேகமாக வந்து அவர் சட்டையை ஸ்கேலால் தொட வேண்டும். அவர் கம்பு நுனியால் என்னைத் தொட வேண்டும்.

முதல் நான்கு முறையும் பாதி நடையைத் தாண்டுவதற்குள் துணி என் நெஞ்சில் இடித்துவிட்டது. அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. முன்னங்கையை ஒரு சாண் அளவு நீட்டினார், அவ்வளவுதான். நானோ மூன்று எட்டு வைக்க வேண்டும். ஐந்தாவது முறை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையால் கம்பைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். அந்த நொடியில் எல்லாம் தலைகீழ். அவர் கம்பைப் பின்னால் இழுக்கப் பார்த்தார், அடிப்பகுதி சுவரில் முட்டியது. அதற்குள் ஸ்கேல் அவர் விலாவில் மூன்று முறை பட்டுவிட்டது. பிறகு நான் தட்டுவதை அவர் எதிர்பார்க்கத் தொடங்கினார், நுனியைச் சின்ன வட்டமாகச் சுழற்றி என் கையை ஏமாற்றினார். பத்துப் பதினைந்து முறை செய்து பார்த்ததில் நான் உள்ளே நுழைந்தது மூன்றோ நான்கோ முறைதான்.

ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கில வாள்வித்தைக்காரர் 1599-இல் எழுதும்போதே இதைப் பிடித்திருக்கிறார். கை மட்டும் அசைவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. கையோடு காலும் அசைய வேண்டுமென்றால் நேரம் கூடும். என் ஸ்கேல் எவ்வளவு இலேசாக இருந்தாலும் அது என் கால் போகும் வேகத்தில்தான் போகும். அவர் கம்பு கனமானாலும் அது கையின் வேகத்தில் வரும். இலேசான ஆயுதம் வேகமானது என்பது பக்கத்தில் நின்றுவிட்ட இரண்டு பேருக்குத்தான் பொருந்தும்.

வாள் பிடித்துப் பழகியவர்கள் விதி எழுதியபோது இந்தச் சறுக்கல் நேரவில்லை. 1978-இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட் என்ற இதேபோன்ற விளையாட்டின் முதன்மை ஆசிரியர் ஸ்டீவ் பெரின், இடைக்காலப் போர்முறையைக் கவசமும் கழியும் கொண்டு விளையாடிய அமெரிக்கச் சங்கத்தின் ஆரம்பகால ஆட்களில் ஒருவர். ரூன்குவெஸ்ட்டில் 12 விநாடி கொண்ட சுற்றை 12 ஸ்ட்ரைக் ரேங்க்காக, அதாவது அடி விழும் வரிசை எண்களாக, பிரித்தார்கள். சுறுசுறுப்பு, உடல் அளவு, ஆயுதத்தின் நீளம் மூன்றும் சேர்ந்து ஒருவரின் எண்ணைத் தீர்மானிக்கும். நீளமான ஆயுதத்துக்குச் சிறிய எண், எனவே அதுதான் முந்தும். அதே வருடம் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் வேகப் பட்டியலுக்கு நேர் எதிர்த் திசை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தன் வழியில் திரும்பி வந்தது. 1995-இல் இரண்டாம் பதிப்புக்கான துணைநூல் ஒன்றில் ஆயுதம் எட்டும் தூரமும், வாய்ப்புத் தாக்குதல் என்ற யோசனையும் வந்தன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு வெப்பன் ஸ்பீடை அடியோடு தூக்கிவிட்டு, அந்த யோசனையை மையத்தில் வைத்தது. நீள ஈட்டிக்காரனின் எல்லைக்குள் நுழைந்து மேலும் ஓரடி வைப்பவன் ஓர் இலவசக் குத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒட்டி நின்றுவிட்டால் அந்த ஈட்டியால் அவனைக் குத்த முடியாது. செயின்மெயிலின் சாரம், கட்டம் போட்ட வரைபடத்தின் மேல். 2014-இன் ஐந்தாம் பதிப்பு டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் வேகம் மீண்டும் விருப்ப விதியாக எட்டிப் பார்த்தது. இங்கே பெரிய எண் வந்தவர்தான் முந்துவார். இலேசான ஆயுதத்துக்கு இனிஷியேட்டிவில் 2 கூடும், கனமானதற்கு 2 குறையும், இருகை ஆயுதத்துக்கு இன்னொரு 2 குறையும். இருபதுமுகப் பகடையில் இது சின்னத் தள்ளல்தான். எங்கள் ஈட்டிக்காரன் முந்தும் வாய்ப்பு 100-க்கு 38 வரை வருகிறது. இரண்டாம் பதிப்பின் 15-க்கு இது பரவாயில்லை, ஆனால் நீளம் இங்கேயும் கணக்கில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு கென்சர் நிறுவனத்தின் ஹேக்மாஸ்டர் புதிய பதிப்பில் இருக்கிறது. அங்கே ரவுண்டே கிடையாது, விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டே போவார்கள். இருவர் நெருங்கும்போது யார் ஆயுதம் அதிக தூரம் எட்டுகிறதோ அவர் முதலில் அடிப்பார். அதன்பின் அவரவர் ஆயுத வேகம் எத்தனை விநாடியோ, அத்தனை விநாடிக்கு ஒருமுறை அடி. வேக எண் என்பது மீளும் நேரம் என்று கைகாக்ஸ் சொன்ன பொருளிலேயே இங்கே அது வேலை செய்கிறது.

இவ்வளவு படித்தபின், பேசாமல் வெப்பன் ஸ்பீடைத் தூக்கிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் மறுத்தேன். காரணம் எங்கள் மந்திரவாதி.

இரண்டாம் பதிப்பில் மந்திரத்துக்கும் வேக எண் உண்டு. ஃபயர்பால் ஓதி முடிக்க 3. மேஜிக் மிசைலுக்கு 1. ஓதி முடிப்பதற்குள் அடி விழுந்தால் மந்திரம் வீண். என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பகடைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் கத்திக்காரன் நின்றால், ஃபயர்பாலை முந்தி அவன் குத்தும் வாய்ப்பு 100-க்கு 55. அதுவே மேஜிக் மிசைல் என்றால் 36. இருகை வாள்காரன் ஃபயர்பாலை முந்துவது வெறும் 3. எங்கள் மந்திரவாதியை ஆடும் பெண் ஒவ்வொரு ரவுண்டிலும் எதிரியின் கையைப் பார்த்துவிட்டுத்தான் மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். "அவன் கையில என்ன வச்சிருக்கான்?" என்ற கேள்வி எங்கள் மேஜையில் கேட்பது இந்த விதியால்தான். மூன்றாம் பதிப்பில் பெரும்பாலான மந்திரங்கள் ஒருவரின் முறைக்குள்ளேயே ஓதி முடிந்துவிடும், முறையும் ரவுண்டுக்கு ரவுண்டு மாறாது. அந்தப் பதற்றம் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் புத்தகத்திலேயே இந்தச் சண்டைக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வாளின் வேகம் 5, மந்திரத்துக்கு 3 செக்மெண்ட். இந்தப் பதிப்பில் பெரிய எண் போட்டவருக்குத்தான் இனிஷியேட்டிவ். அதில் தோற்ற வாள்காரனின் பகடை எண்ணை 5-லிருந்து கழிக்க வேண்டும். 1 போட்டிருந்தால் மந்திரம் முந்தும், 2 என்றால் இரண்டும் ஒரே நேரம், 3 முதல் 5 என்றால் வாள் முந்தும். தோற்றவர் பெரிய எண் போட்டிருந்தால் அவருக்கு நல்லது என்பது முதலில் விசித்திரமாகத் தெரியும், ஆனால் சண்டை எவ்வளவு நெருக்கமாகப் போனது என்பதை அது காட்டுகிறது. இருகை வாளுக்கு இங்கே வாய்ப்பே கிடையாது என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்.

எனவே வேக எண்ணை வைத்துக்கொண்டோம், அது வேலை செய்யும் இடத்தை மட்டும் குறுக்கினோம். எங்கள் மேஜைக்கு மட்டும் வைத்துக்கொண்ட ஹவுஸ் ரூல் இதுதான்: ஒருவர் நெருங்கி வரும் ரவுண்டில், எதிராளி அவரைப் பார்த்திருந்து, எதிராளியின் ஆயுதம் தெளிவாக நீளமாகவும் இருந்தால், பகடை பார்க்காமல் எதிராளிக்கு முதல் அடி. அடுத்த ரவுண்டிலிருந்து வழக்கம்போல் பகடையும் வேக எண்ணும். உள்ளே ஆள் வந்தபின் ஈட்டிக்காரன் பின்வாங்க இடமிருந்து பின்வாங்கினால், மறுபடி முதல் அடி உரிமை கிடைக்கும். இடமில்லை என்றால் ஈட்டியைப் போட்டுவிட்டு இடுப்புக் கத்தியை உருவ வேண்டியதுதான்.

இது ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. முதல் வாரமே குழுவில் மூன்று பேர் ஈட்டி வாங்கினார்கள். அதை நான் தடுக்கவில்லை, ஈட்டி உலகமெங்கும் படைகளின் அடிப்படை ஆயுதமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது வாரம் சிக்கல் ஆகர் என்ற ராட்சதனிடம் வந்தது. அத்தனை பெரிய உடம்புக்காரனின் கை நீளத்தையும் சேர்க்க வேண்டாமா? சேர்த்தோம். ஆகரின் கதாயுதமும் ஈட்டியும் சமம் என்று முடிவு செய்து பகடைக்கு விட்டோம். மூன்றாவது சிக்கல் கூட்டம். ஒரே ரவுண்டில் கோப்ளின் என்ற குள்ள அரக்கர்கள் நான்கு பேர் பாய்ந்தால் ஈட்டிக்காரன் நான்கு பேரையுமா முதலில் குத்துவான்? ஒருவரை மட்டும்தான் என்று எழுதிச் சேர்த்தோம்.

நான்காவது வாரம், அதே சுரங்கத்தில் இன்னொரு கிளைப் பாதை. அதே ஃபைட்டர், அதே ஈட்டி. இந்த முறை கத்தியோடு வந்தவன், முதலில் தன் மேலங்கியைக் கழற்றி ஈட்டி முனைமேல் வீசினான். நண்பர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதல் அடி உரிமை போய்விடுமா, அல்லது அந்த அடிக்கு மட்டும் தண்டனையா? அன்றைக்கு இரண்டு புள்ளி தண்டனை என்று சொன்னேன். குத்து தவறியது, கொள்ளைக்காரன் உள்ளே வந்துவிட்டான். நண்பர் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை உருவினார். அந்த மேலங்கி விஷயத்துக்கு நிரந்தர விதி இன்னும் எழுதவில்லை. ஒட்டடைக் கம்பையும் ஒரு பழைய பெட்ஷீட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.